பாதி செங்கல், பாதி காங்கிரீட்: ரூர் பகுதியில் ஒரு கோயிலும் நான் காலியாக விட்ட ஒரு கட்டமும்

கடந்த செப்டம்பரில் இரண்டாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜெர்மனியின் ரூர் பகுதியில், கெல்சென்கிர்ச்சனில் இருந்தேன். தோழி தர்சினியின் எட்டு மாதக் குழந்தை நிலாவுக்கு ஞாயிறு காலை ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். தர்சினி அங்கேயே வளர்ந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். ஆஹெனில் நான் வேலை செய்யும் காங்கிரீட் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தாள். கல்யாணமானதும் கெல்சென்கிர்ச்சனுக்கே திரும்பிவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு விசேஷத்துக்குச் சனிக்கிழமை காலையிலேயே நான் கிளம்பியதற்குக் காரணம் குழந்தை இல்லை, கட்டடம். அவர்கள் பேட்டையில் இருக்கும் புராட்டஸ்டன்ட் கோயிலின் படம் ஒன்றைத் தர்சினி அனுப்பியிருந்தாள். கோபுரம் நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பது முழுக்க காங்கிரீட். பார்த்தவுடன் இருப்புக் கொள்ளவில்லை. சென்ற இடத்தில் கட்டடமும் என்னை ஆட்டியது, நானே என்னை அதைவிட ஆட்டிவைத்தேன். கோயிலின் பெயரையும் பேட்டையின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இது ஒரு குடும்பத்தின் கதையும்கூட. போக நினைப்பவர்கள் எழுதிக் கேட்டால் சொல்கிறேன்.

ஆஹெனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். காலை 8.20 வண்டி, எஸ்ஸெனில் மாறி, 10.15க்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது 10.50. வழக்கம்போல மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வந்தது, காரணம் வரவில்லை. என்னிடம் நாடு முழுவதற்குமான 63 யூரோ மாதச் சீட்டு இருந்ததால் தனிச் செலவில்லை. நிலையத்திலிருந்து ட்ராமில் 14 நிமிடம், இறங்கி 600 மீட்டர் நடை. தெருவெங்கும் ஒரே மாதிரி செங்கல் வீடுகள். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டியவை. மூலையில் ஒரு துருக்கி ரொட்டிக் கடை, அடுத்து நம் ஆட்களின் மளிகைக் கடை, வாசலில் முருங்கைக்காய்க் கட்டு. இரண்டையும் தாண்டித் திரும்பினால் கோபுரம்.

படத்தில் பார்த்திருந்தும் நேரில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே கருங்கல், மேலே கரும்பழுப்புச் செங்கல், கூரான வளைவு ஜன்னல்கள், உச்சியில் பச்சை படிந்த செப்புக் கூம்பு என்று கோபுரம் அத்தனை மிடுக்காக நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு சாம்பல்நிறப் பெட்டி. பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. பட்டு வேட்டி கட்டி மேலே கைவைத்த பனியனோடு ஒருவர் மணவறைக்கு வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி. யார் மனசு வந்து இதைச் செய்தார்கள் என்று ஜெர்மனிலேயே வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"குண்டு போட்டவர்கள்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

யூர்கன் என்று பெயர் சொன்னார். அறுபதை ஒட்டிய வயது, அரைக்கால் சட்டை, இடுப்பில் ஸ்க்ரூடிரைவர்கள் சொருகிய பை. மணியடித்து, விளக்கு போட்டு, பூட்டித் திறந்து பார்த்துக்கொள்கிறவரை எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் கோயில்குட்டியார் என்போமே, அவருக்கு இங்கே அந்த வேலை. சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டரை வரை கோயிலைத் திறந்துவைத்து வருகிறவர்களுக்குக் காட்டுகிறார். அன்று வந்தது நான் ஒருத்திதான்.

அவர் சொன்ன வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். இங்கே நிலக்கரிச் சுரங்கம் திறந்ததும் வேலைக்கு ஆள் போதவில்லை. கிழக்கே தொலைதூரத்து மசூரியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்கள் புராட்டஸ்டன்ட்கள், பேச்சு போலிஷ் கலந்தது, ஊர்க்காரர்கள் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். அவர்களுக்கென்று எழுந்த கோயில் இது. முதல் கோயிலில் கோபுரமும் அதே செங்கல், உள்மண்டபமும் அதே செங்கல். இரண்டாம் போரின் கடைசிக் காலத்தில் விழுந்த குண்டில் கூரையும் மூன்று சுவர்களும் போயின, கோபுரம் மட்டும் மிஞ்சியது. சபையார் சில வருடம் இடிபாட்டிலேயே பலகை போட்டு ஆராதனை நடத்தினார்களாம். பிறகு விழுந்த செங்கல்லை எல்லாம் உடைத்து அஸ்திவாரத்தில் கொட்டி, அதன் மேல் காங்கிரீட்டில் புதுக்கோயில் எழுப்பினார்கள். பழையது போலவே திரும்பக் கட்டலாம் என்று ஒரு கட்சி, போனது போனதுதான் என்று ஒரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்தது.

உள்ளே போனோம். வெளியில் அத்தனை வறட்டுத்தனமாக நிற்கும் பெட்டிக்கு உள்ளே ஒரு தூண்கூட இல்லை. கூரை, காகித விசிறியை மடித்தது போல மடிப்பு மடிப்பாக ஓடுகிறது. அந்த மடிப்புதான் பலம், அதனால்தான் தூண் தேவையில்லை. கிழக்குச் சுவர் முழுவதும் காங்கிரீட்டில் பதித்த கனத்த கண்ணாடித் துண்டுகள், அடியில் கருநீலம், மேலே போகப்போக மஞ்சள். பதினொன்றரை மணி வெயில் தரை முழுக்க நீலமாகக் கிடந்தது. சுவரில், காங்கிரீட்டை வார்க்க அடித்த ஷட்டரிங் பலகையின் மர ரேகைகூட அப்படியே பதிந்திருக்கிறது. கணுக்களை எண்ணலாம். யாரோ பலகைகளைப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். தொழிலே இதுதான் என்றாலும் இப்படி ஒரு வார்ப்பை நான் ஆய்வுக்கூடத்தில்கூடத் தடவிப் பார்த்ததில்லை. வெளியே நின்று பேசிய பேச்சுக்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அந்த மரியாதை கால் மணி நேரம்தான் நீடித்தது. பின்பக்கம் பாடகர் மாடத்துக்குக் கீழே கண்ணாடி வைத்துத் தடுத்திருந்தார்கள். அதற்குள் காபி இயந்திரம், சோபா, பிள்ளைகள் விளையாட ஒரு கால்பந்து மேசை. சரி, போகட்டும். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது, அங்கே போதகரின் அங்கி தொங்குகிறது, அங்கிக்குக் கீழே இரண்டு பியர்ப் பெட்டி! கோயிலுக்குள் சத்தமாகத் தும்மினாலே திரும்பிப் பார்க்கும் ஊரில் பிறந்தவள் நான். "இது என்ன?" என்றேன். யூர்கன் நிதானமாக, "ஒன்று ஆல்கஹால் இல்லாதது" என்றார்.

அடுத்து அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை எடுத்து நடைபாதையின் நடுவில் வைத்தார். பந்து தானாக உருள ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு வேகமாக, பீடத்துக்கு எதிர்ப்பக்கம் போய்க் கண்ணாடித் தடுப்பில் முட்டி நின்றது. கோயில் சாய்ந்திருக்கிறது! நூறு வருடத்துக்கு மேல் அடியில் கரி தோண்டியதால் பூமி உட்கார்ந்துவிட்டது. இந்தப் பகுதி முழுவதும் அப்படித்தானாம். கோபுரம் ஒரு பக்கம் இறங்குகிறது, புதுக்கோயில் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் கட்டும்போதே விட்ட இடைவெளியில் இப்போது என் கை முழங்கை வரை நுழைந்தது. விரிசல்கள் மேல் சின்னக் கண்ணாடிப் பட்டைகளை ஒட்டியிருக்கிறார்கள். அசைவு இருந்தால் பட்டை உடையும். யூர்கன் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறார். சுரங்கம் மூடி எத்தனையோ காலம் ஆகியும் இந்த வேலை நிற்கவில்லை. எனக்கு ஆய்வாளர் புத்தி போகவில்லை, பட்டைகளைப் படமெடுத்துக்கொண்டேன்.

ஞானஸ்நானத் தொட்டியைக் கடைசியில்தான் பார்த்தேன். பீடத்துக்கு இடப்பக்கம், இடுப்பளவு உயரம், எட்டுப் பட்டை, மஞ்சள் கல். பழைய கோயிலிலிருந்து இடிபாட்டில் மிஞ்சிய ஒரே பொருள். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு செதுக்கல்: புறா, மீன், திராட்சை. சபையைப் பார்த்திருக்கும் பட்டையில் கதிர் மாலை, மாலைக்கு நடுவில் வட்டமாக ஒரு குழி. உளி போன போக்கெல்லாம் தெரிகிறது, கோபத்தோடு கொத்தியிருக்கிறார்கள். உடைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லை. இந்தத் தொட்டி அந்த நாஜி ஆட்சிக் காலத்தில் நன்கொடையாக வந்தது. அந்த வட்டத்தில் இருந்தது அவர்களுடைய சின்னம். போர் முடிந்ததும் கொத்தி எடுத்தார்கள்" என்றார் யூர்கன்.

ஞானஸ்நானத் தொட்டியில்! நாளைக்கு நிலாவின் தலை குனியப்போகிற தொட்டியில்! வேறு தொட்டி வாங்கக்கூடாதா, குறைந்தது அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைக்கக்கூடாதா என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். பல காலம் சுவருக்குத் திருப்பித்தான் வைத்திருந்தார்களாம். பிறகு சபைக் கூட்டத்தில் வருடக்கணக்கில் சண்டை போட்டு, இந்தப் பக்கம் திருப்பி, கீழே விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். "என் அம்மா இதில்தான் ஞானஸ்நானம் பெற்றார், வட்டத்தில் சின்னம் இருந்தபோது. அதை நான் யாரிடம் மறைக்க?" என்று கேட்டுவிட்டு அவர் ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்தார்.

மூன்று மணிக்குப் போதகரோடு டெர்மின். நாளை யார் எங்கே நிற்பது, எதற்கு என்ன பதில் சொல்வது என்று பேசிக்கொள்ளும் சந்திப்பு, அரை மணி நேர வேலை. தர்சினி நிலாவை மார்போடு கட்டிக்கொண்டு வந்தாள். கணவர் ரமணன் இந்து. அவர் விருந்தினரை அழைத்துவர டோர்ட்மண்டுக்குப் போயிருந்தார். போதகர் என் வயதை ஒத்த பெண், ஜீன்ஸும் ஸ்வெட்டரும். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்தோம். அவர் காபி ஊற்றினார், பிறகு கோப்பைத் திறந்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். வேறு சபையிலிருந்து ஞானப்பெற்றோராக வருகிறவர் தன் சபையிலிருந்து ஒரு தாள் கொண்டுவர வேண்டும், பாட்டன்ஷைன் என்பார்கள். தர்சினி அதை இரண்டு தடவை கேட்டிருந்தாள். நான் என் ஊர் ஞானஸ்நானச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தேன். ஞானஸ்நானத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும் என்று என் எண்ணம்.

போதகர் மெதுவாகச் சொன்னார். "ஆஹெனுக்கு எழுதிக் கேட்டோம். பதில் நேற்றுத்தான் வந்தது. அங்கே எந்தச் சபைப் பதிவிலும் நீங்கள் இல்லை. நகரப் பதிவில் உங்கள் மதம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை."

தப்பாக இருக்கும் என்றேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் என்றேன். போவது உண்மைதான், ஆனால் அது வாடகைக் கூடத்தில் நடக்கும் தமிழ் ஐக்கியம். அதற்குப் பதிவேடு கிடையாது. இத்தனையும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நினைவு வந்துவிட்டது, காது மடலெல்லாம் சூடேறியது.

ஏழு வருடத்துக்கு முன், ஆஹெனில் வந்து இறங்கிய இரண்டாம் நாள். முகவரிப் பதிவுக்குப் போகுமுன் விடுதியில் ஒரு சீனியர் புதிதாக வந்த எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். "அந்த ரிலிஜன் கட்டம் இருக்குல்ல, அதை மட்டும் ப்ளாங்கா விட்டுடுங்க. சர்ச் டாக்ஸ்னு ஒண்ணு இருக்கு. சம்பளம் வந்தா அதுல பிடிச்சிடுவாங்க. நீங்க யாரா இருந்தாலும் இவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?" அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் அதே வரி சுற்றுகிறது. நான் விட்டேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அப்பா சபை மூப்பராக இருந்த வீட்டில் பிறந்தவள், ஒரு கட்டத்தை அப்படியே தாண்டி அடுத்த கட்டத்தில் பாஸ்போர்ட் எண்ணை எழுதினேன்.

கட்டத்தை நானேதான் காலியாக விட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். தர்சினிக்கு அதுவரை விஷயம் தெரியாது. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"என்னக்கா சொல்றீங்கள்? நான் வருசத்துக்கு ஒருக்கா, கிறிஸ்மஸுக்கு மட்டும் வாறனான். பிரசங்கத்தில நித்திரை கொள்றனான். நான் உள்ளுக்கை. நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் போறனீங்கள், சாப்பிட முதல் செபிக்கிறனீங்கள், நீங்கள் வெளியிலயா? இதென்ன கூத்து?"

"ஏன் அப்படி விட்டேன்னு எனக்கே தெரியல தர்சினி."

"தெரியும். காசு பிடிப்பாங்கள் எண்டு." அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நாளைக்கு விடிஞ்சால் ஞானஸ்நானம். இனி வேற ஆள் தேட ஏலாதக்கா. ரமணன்ர பக்கம் எல்லாரும் சைவம். நிலாவுக்கு ஆளில்லையோ?"

அவளுக்கு இது ஏன் அத்தனை பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். அவள் பிறந்தபோது பெற்றோருக்கு ஜெர்மன் தெரியாது. ஞானத்தாயாக நின்றவர் மாடிவீட்டு ஜெர்மன் பெண்மணி. அகதி விண்ணப்பத்திலிருந்து பள்ளிக்கூடச் சேர்க்கை வரைக்கும் அவர்தான் கூடவே போய் நின்றிருக்கிறார். ஞானத்தாய் என்பது தர்சினிக்கு விசேஷத்தில் புடவை கட்டி நிற்கும் ஆள் இல்லை.

போதகர் எங்களைப் பேசவிட்டுவிட்டுப் பிறகு சொன்னார். குழந்தைக்கு நாளை ஞானஸ்நானம் நடக்கும், அதில் தடையில்லை. ஆனால் ஞானப்பெற்றோர் என்ற வரி காலியாகத்தான் இருக்கும். நான் சாட்சியாக நிற்கலாம், அது வேறு. இன்னொரு வழியும் உண்டு: இன்றைக்கே நான் சபையில் சேரலாம். ஒரு உரையாடல், ஒரு கையெழுத்து, என் சான்றிதழின் பின்பக்கம். நான் அனுப்பிய ஸ்கேனில் முன்பக்கம் மட்டும்தான் இருந்ததாம், முத்திரை பின்னால்.

"கடினமான வேலை இல்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைய ஒரு மணி நேரத்துக்காக மட்டும் என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். சாட்சியாக நில்லுங்கள், அதுவும் மரியாதைதான். ஆறு மணி வரை இங்கே இருப்பேன்" என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அந்தச் சர்ச் வரி வருமான வரியில் ஒன்பது சதவீதம், வருமான வரியே கட்டாத மாணவியிடமிருந்து யாரும் எதையும் பிடித்திருக்க மாட்டார்கள். அதுவேறு ஒரு அடி.

தர்சினி குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போனாள். நான் கோயிலுக்குள் தனியாக உட்கார்ந்தேன். காலையில் தொட்டியைப் பார்த்து நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தபோது எழுந்து ஓடிவிடலாம் போல வெட்கமாக இருந்தது. நிலா இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைப் பற்றி நான் வாழ்நாளில் யோசித்திருக்க மாட்டேன், இதுதான் நிஜம். எளிது என்று விட்டேன். இப்போது எளிது என்று எழுதினால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பெரிய தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமையும் இதில் இருப்பேனா என்று மட்டும் என்னைக் கேட்டேன். இருப்பேன் என்று தோன்றியது. நாலரைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே எட்டு மணி.

"அம்மா, என் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் பீரோல இருக்குல்லா? பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"இந்நேரத்துக்கு எதுக்குளா அது?"

விசாவுக்கு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. எங்கள் வீட்டில் விசா என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னேன். கட்டம், வரி, ஏழு வருடம், நாளைக்கு நிலா, இன்றைக்கே சபையில் சேரப்போவது, எல்லாம்.

"ஏழு வருசமாவா?"

"ஆமாம்மா."

"சரி. அனுப்புதேன்." வைத்துவிட்டார்கள்.

நான்கு நிமிடத்தில் படம் வந்தது. மங்கிய ஊதா முத்திரை, அழியாத கையெழுத்து, ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஐந்தரைக்குப் போதகரிடம் போய், "நாளைக்காகத்தான் வந்தேன். ஆனால் நாளை மறுநாள் விட்டுவிட மாட்டேன்" என்றேன். அவர் படிவத்தை எடுத்து வைத்தார். அதிலும் அதே கட்டம் இருந்தது. எழுதினேன். தர்சினிக்கு அழைத்துச் சொன்னபோது அவள், "ஓம் அக்கா" என்றாள். இரவு அம்மாவை மறுபடி கூப்பிட்டேன், ஞாயிறு விடிந்ததும் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் மணி அடித்து ஓய்ந்தது.

ஆராதனை பத்தரைக்கு. சாய்ந்த தரையில் எழுபது நாற்காலி போட்டிருந்தார்கள், பாதிக்கு மேல் நம் ஆட்கள். காஞ்சிபுரமும் கோட்டும். ரமணனின் அம்மா திருநீற்றோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிலாவை என் கையில் கொடுத்தார்கள், நல்ல கனம். போதகர் கறுப்பு அங்கியில் வேறு ஆளாகத் தெரிந்தார். இந்தக் குழந்தைக்குத் துணை நிற்பீர்களா என்று அவர் கேட்டபோது நான் சொல்ல வேண்டிய பதில், "ஆம், தேவ ஒத்தாசையால்". சத்தமாகவே சொன்னேன். தண்ணீர் மூன்று முறை விழுந்தது. நிலா அழவில்லை, போதகரின் கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டியைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சனிக்கிழமை பத்துக்கே போய்விடுங்கள். கிழக்குக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பன்னிரண்டு மணி வரைதான் நன்றாக இருக்கும். அனுமதி இலவசம். கோபுரம் ஏற 112 படி, கடைசி முப்பது மர ஏணி மாதிரி, புடவையில் ஏற வேண்டாம். தரை சாய்வதால் தள்ளுவண்டிக்கு பிரேக் போட மறக்காதீர்கள், கேலிக்குச் சொல்லவில்லை. விளக்கப் பலகையைப் படிக்காமல் தொட்டியைப் படமெடுத்துப் பதிவிட வேண்டாம். நான் தங்கிய சிறு விடுதியில் காலையுணவோடு 54 யூரோ. நிலையத்துக்கு அருகில் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டடத்துக்கு ஒரு மணி நேரம் போதும் என்று நினைப்பீர்கள், இரண்டு ஒதுக்குங்கள்.

இனி வரப்போகும் பிள்ளைகளுக்கு. அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நம்பிக்கை இல்லாதவர் காலியாக விடுவது நேர்மை. ஆனால் இருக்கிறவர் யாரோ சொன்னார்கள் என்று விடாதீர்கள். ஞானப்பெற்றோராக நிற்பதற்கும் இங்குள்ள கோயிலில் கல்யாணம் செய்வதற்கும் அது குறுக்கே வந்து நிற்கும். விட்டிருந்தால் பிற்பாடு மாற்றலாம், ஒரு போதகரிடம் பேசினால் போதும். ஊரிலிருந்து வரும்போது சான்றிதழை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வாருங்கள்.

இனி அம்மாவின் விஷயம். ஆராதனைக்காக அணைத்துவைத்த ஃபோனை ஒன்று பத்துக்குப் போட்டேன். ஊரிலிருந்து பதினான்கு செய்தி. சித்தி வரிசையாகக் கும்பிட்ட கைகளை அனுப்பியிருந்தார். பெரியப்பா மகன், "ஜெபா, நீ எப்போ வேதத்த விட்ட?" என்று கேட்டிருந்தான். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கோபுரப் படியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"என்னம்மா பண்ணுனீங்க?"

"என்ன பண்ணுனேன்? ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன்."

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு: பிறந்தநாள், வேலை, சுகம் என்று எதற்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் கவரில் காணிக்கை வைத்து, காரணத்தை மேலே எழுதித் தட்டில் போடுவோம். அதை ஐயரவர்கள், அதாவது எங்கள் ஊர்ப் போதகர், சபைக்கு முன்பாகச் சத்தமாக வாசித்து ஜெபிப்பார். அம்மா எழுதியது: மகள் ஜெபா ஜெர்மனியில் மறுபடியும் சபையில் சேர்ந்ததற்காக.

"அதுக்கு ஊருக்கே சொல்லணுமாம்மா? நான் விட்டதே யாருக்கும் தெரியாதே!"

அம்மா சத்தம் போடவில்லை. நான் பயந்ததுபோல அழவும் இல்லை.

"வருசா வருசம் உன் பிறந்தநாளுக்குக் கவர் போட்டேன்ளா. மகள தூர தேசத்துல விசுவாசத்துல காத்ததுக்காகன்னு எழுதுவேன். ஐயரும் வாசிப்பாரு, சபையும் ஆமென் சொல்லும். ஏழு தடவ. நேத்து ராத்திரி பூராம் அதத்தான் நினைச்சுட்டுக் கெடந்தேன். இந்த ஒரு கவருலதாம்ளா நான் உள்ளத உள்ளபடி எழுதிப் போட்டேன்."